எலி தின்னும் பெரோக்

அப்பாவின் தகர வாளியில் கிடக்கும் மெழுகுக் கட்டிகள் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மிட்டாய் என்றே தோன்றும். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் தம்பியும் அவர் பின்னாலேயே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் நிரைகளுக்கு நடுவில் நடப்போம். மரத்தடிக்கு ஒரு கட்டி வைப்பார், அடுத்த மரத்துக்குப் போவார். சில நாட்கள் கழித்து அதே நிரையில் திரும்பி வந்து, எந்தக் கட்டியை எலி கடித்திருக்கிறது, எது அப்படியே கிடக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வார். தின்று தீர்த்த இடத்தில் புதிதாக ஒன்று வைப்பார். "தொடாதே. தொட்ட கையை வாயில் வைக்காதே" என்று எங்களிடம் நூறு முறை சொல்வார். அவர் கையில் உறை போட்டு நான் பார்த்ததில்லை.

காட்டோரத்து நிரைகளுக்குப் போகும் நாளில் வாளியோடு ஒரு கட்டுப் பட்டாசும் போகும். அது பெரோக்குக்கு. மலேசியாவில் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரோக்கை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் மனிதர்களுக்கு அருகில் அதிகமாகத் தென்படும் குரங்குகள் இரண்டு வகை. ஒன்று கெரா, நீண்ட வால் கொண்டது, கோயில் வாசலிலும் குப்பைத் தொட்டியிலும் கடற்கரையிலும் நிற்பது. மற்றொன்று பெரோக், உடல் பெரியது, வால் மட்டும் பன்றி வால்போலக் குட்டையாகச் சுருண்டிருக்கும். தமிழில் பன்றிவால் குரங்கு என்று எழுதுகிறார்கள். கிளந்தானில் இதைப் பழக்கித் தென்னையில் ஏற்றித் தேங்காய் பறிக்க வைப்பார்கள். காட்டில் வாழும் பெரோக் தரையில் கூட்டமாக நடந்து வரும். ஆண் பெரோக் பல்லைக் காட்டினால் வளர்ந்தவர்களே இரண்டடி பின்னால் போவார்கள்.

ஒருநாள் காலையில் அப்படி ஓர் ஆண் பெரோக்கை மிக அருகில் பார்த்தேன். செம்பனையின் தண்டில், வெட்டிய மட்டைகளின் அடிப்பாகம் செதில் செதிலாக நிற்குமல்லவா, அதில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தது. பிய்த்த இடத்தில் தோள்வரை கையை விட்டுத் துழாவியது. "பார், மரத்தை எப்படி நாசமாக்குகிறது" என்றார் அப்பா. பட்டாசைக் கொளுத்தி எறிந்தார். கூட்டம் முழுவதும் கூச்சலிட்டுக் காட்டுக்குள் மறைந்தது.

அந்தக் காட்சியை நான் முப்பது ஆண்டுகள் தவறாகவே நினைவில் வைத்திருந்தேன்.

எங்கள் தோட்டம் பேராக் மாநிலத்தில், கடலோரம் ஒட்டிய பகுதியில் இருந்தது. அதே மாநிலத்தில், அதே கடலோரத்தில், செகாரி மெலிந்தாங் வனக் காப்பகம் இருக்கிறது. காப்பகத்தைச் சுற்றிலும் செம்பனை. அங்கே 2016 முதல் 2018 வரை ஆய்வாளர்கள் பெரோக் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆய்வின் முதல் ஆசிரியர் ஆனா ஹோல்ஸ்னர். அவரோடு பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாடின் ரூப்பர்ட், ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் ஆன்யா விட்டிக் முதலியோர். குரங்கு நடத்தையைப் படிப்பவர்களின் வேலை எப்படிப்பட்டது என்று பலருக்குத் தெரிவதில்லை. குரங்குகள் விழிக்கும் முன் அவை உறங்கிய மரத்தடிக்குப் போய் நிற்க வேண்டும். அவை மறுபடி உறங்கும் மரத்தில் ஏறும்வரை கூடவே நடக்க வேண்டும். ஆட்களைக் கண்டு ஓடாமல் இருக்கும் அளவுக்குக் கூட்டம் பழகுவதற்கே மாதக் கணக்கில் ஆகும். எந்தக் குரங்கு எதைத் தின்றது, யார் யாருக்குப் பேன் பார்த்தது, எந்தத் தாய் குட்டியை எவ்வளவு தூரம் விட்டது என்று நிமிடக் கணக்கில் எழுத வேண்டும்.

அப்படிப் பார்த்து எழுதியவர்கள் கண்டது இதுதான். செம்பனைத் தண்டின் மட்டையடிப் பொந்துகளில் பகல் முழுவதும் எலிகள் ஒளிந்திருக்கின்றன. பெரோக் அந்த மட்டையடிகளைப் பிய்த்து, உள்ளே இருக்கும் எலியைப் பிடித்துத் தின்கிறது. ஏறக்குறைய 44 குரங்குகள் கொண்ட ஒரு கூட்டம் ஆண்டுக்கு 3,000 எலிகளுக்கு மேல் தின்கிறது என்பது அவர்கள் கணக்கு. செம்பனைப் பழத்தையும் தின்கிறது, உண்மைதான். ஆனால் அந்த இழப்பு மொத்த விளைச்சலில் 0.56 விழுக்காடு. எலியால் வரும் இழப்போ சுமார் 10 விழுக்காடு. பெரோக் தவறாமல் வந்துபோகும் தோட்டத்தில் அந்த எலி இழப்பை 3 விழுக்காட்டுக்கும் கீழே இறக்க முடியும் என்று 2019 அக்டோபரில் எழுதினார்கள்.

அப்பாவின் மொழியில் சொன்னால், எலி பத்துக் குலையில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. குரங்கு இருநூறு குலையில் ஒன்றை, சற்றுக் கூடவே, எடுக்கிறது. அந்த ஒன்றுக்காகத்தான் நாங்கள் பட்டாசு கொளுத்தினோம்.

எலிக்கு எதிராகத் தோட்டங்கள் செய்யாதது எதுவும் இல்லை. இரத்தம் உறையவிடாமல் தடுக்கும் வார்ஃபரின் வகை விஷத்தைப் பல ஆண்டுகள் வைத்தார்கள். எலிகளுக்கு அது பழகிப்போனது. அதைவிடக் கடுமையான அடுத்த தலைமுறை விஷங்கள் வந்தன. கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைத்து அவற்றை எலி வேட்டைக்கு அழைத்தது இன்னொரு முயற்சி, நல்ல முயற்சி. ஆனால் கடுமையான விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் விஷம் கூகையின் உடம்பிலும் சேர்கிறது. ஒரே தோட்டத்தில் ஒரு கையால் கூகைப் பெட்டியும் மறு கையால் விஷக் கட்டியும் வைத்தால் என்ன பயன்? எலியைத் தின்னும் பெரோக்குக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இந்த ஆய்வு செய்தித்தாளில் வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் பலர் கைப்பேசியில் அனுப்பி மகிழ்ந்தார்கள். "குரங்கு இனித் தோட்டக்காரனின் நண்பன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு நிற்க முடியாதபடி எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்திருந்தது.

*

என் தம்பி போர்னியோத் தீவில் உள்ள சபா மாநிலத்தில் வேலை செய்தான். பழைய செம்பனையை வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வை வேலை. காட்டை ஒட்டிய நிலம். சாயங்காலம் ஆறு, ஆறரைக்குத்தான் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வண்டியேறுவார்கள். ஒரு வாரம் காய்ச்சலும் தலைவலியும் என்றான். முதலில் பார்த்த ஒரு கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, மலேரியா இருக்கிறது, ஆனால் கடுமையில்லாத வகை என்றார்கள். அடுத்த நாள் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. பெரிய மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் அது வேறு வகை என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டான். நல்ல மருந்து இருக்கிறது, நேரத்தில் கொடுத்தால் குணமாகும் நோய்தான். அந்த "நேரத்தில்" என்ற சொல்லை நினைத்து அம்மா இன்றும் கண் கலங்குகிறார்.

அவன் உடம்பில் இருந்தது குரங்கு மலேரியா. பிளாஸ்மோடியம் நோலெசி என்னும் ஒட்டுண்ணி. கெராவின் உடம்பிலும் பெரோக்கின் உடம்பிலும் காலங்காலமாக வாழ்வது. அவற்றைப் பெரிதாகத் துன்புறுத்துவதில்லை. கொசு வழியாக மனிதனுக்கு வந்தால் நிலைமை வேறு.

இந்த ஒட்டுண்ணியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு தாளவில்லை. 1930களின் தொடக்கத்தில், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு நீள்வால் குரங்கின் இரத்தத்தில் இது தென்பட்டது. ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் 1932இல் அதை விரிவாக விவரித்தார்கள். மனிதனுக்கும் இது தொற்றும் என்பதை அப்போதே காட்டினார்கள். வட இந்தியாவின் ரீசஸ் குரங்குக்குக் கொடுத்தபோது அது செத்துப்போனது. மலாயாக் குரங்குக்கு ஒன்றும் செய்யாதது இந்தியக் குரங்கைக் கொல்கிறது.

1965இல் பகாங் காட்டில் வேலை செய்து திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளருக்கு இது இயற்கையாகவே தொற்றியது தெரிந்தது. உடனே ஆய்வாளர்கள் காட்டோரக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தை எடுத்து ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அரிதான தற்செயல் என்று முடிவு கட்டி, எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அதை மறுபடி கிளறி எடுத்தவர் பல்பீர் சிங். சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானி. ராஜாங் ஆற்றங்கரையில் கபிட் என்ற ஊர், சுற்றிலும் இபான் மக்களின் நீளவீடுகள். அங்கே மருத்துவமனைக்கு வரும் மலேரியா நோயாளிகளில் பலருக்கு நுண்ணோக்கியில் பார்த்து மலேரியே வகை என்று எழுதினார்கள். மலேரியே என்பது மெதுவான, கடுமையற்ற வகை. ஆனால் இந்த நோயாளிகளோ பெரியவர்கள், உண்மையிலேயே நோயில் வாடியவர்கள், இரத்தத்தில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையும் அதிகம். பாடப்புத்தகத்தில் இருப்பதோடு இது பொருந்தவில்லை. பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். மலேரியே வகையைக் காட்ட வேண்டிய பரிசோதனை எதையும் காட்டவில்லை. வேறொன்றாக இருக்குமோ என்று தேடிப் போனதில் நோலெசி வெளிப்பட்டது. 208 நோயாளிகளில் 120 பேர், 58 விழுக்காடு. 2004இல் இது வெளியானது.

பொருந்தாத ஒன்றைப் பார்த்து, சரி, இப்படியும் இருக்கும் என்று விட்டுவிடாமல் நின்றார்களே, அதை நான் என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

ஏன் இந்தக் குழப்பம் ஆபத்தானது என்று விளக்க வேண்டும். மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அணுவை உடைத்து வெளியே வரும். அப்படி வெளிவரும் ஒவ்வொரு முறையும் குளிரும் காய்ச்சலும் வரும். நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றது அதனால்தான். மலேரியே வகைக்கு அந்தச் சுற்று 72 மணி நேரம். மனித மலேரியாவின் வேறு இரண்டு வகைகளான ஃபால்சிபாரத்துக்கும் வைவாக்ஸுக்கும் 48 மணி நேரம். நோலெசிக்கு 24 மணி நேரம். கண்ணாடியில் பார்க்கும்போது எல்லாவற்றிலும் மெதுவானதைப் போலவே இருக்கும் ஒன்று, எல்லாவற்றிலும் வேகமாகப் பெருகுகிறது. தம்பிக்கு நடந்தது அதுதான். இரண்டாவது இடத்தில் பார்த்தவர் பொய் சொல்லவில்லை, தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதற்குக் கண் போதாது. மரபணுப் பரிசோதனை வேண்டும், அது முடியும்வரை நோலெசி என்றே கருதி மருத்துவம் தொடங்க வேண்டும்.

இந்த ஒட்டுண்ணி புதிதாக வந்ததா? இல்லை. 2011இல் பல்பீர் சிங்கின் குழு கபிட் பகுதிக் காட்டுக் குரங்குகள் 108இன் இரத்தத்தைப் பார்த்தது. அவற்றில் 78 விழுக்காட்டில் நோலெசி இருந்தது. மரபணு மாற்றங்களை வைத்துக் கணித்ததில், தென்கிழக்கு ஆசியாவில் மனிதன் குடியேறும் முன்பே இந்த ஒட்டுண்ணி குரங்குகளில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அது தன் இடத்தில்தான் இருந்தது. நாம்தான் அதன் அருகில் போனோம், அல்லது அதன் குரங்கை நம் அருகில் வரவைத்தோம்.

*

எப்படி வரவைத்தோம்? சபாவில் ஒரு நீள்வால் குரங்குக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டி அதன் கூட்டத்தின் நடமாட்டத்தைக் கவனித்தார்கள். கவனித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே காடு வெட்டப்பட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாத ஆய்வு. கூட்டம் உலவும் பரப்பு மாறியது, நடக்கும் வேகம் மாறியது, எந்த வகை நிலத்தைப் பயன்படுத்தியது என்பதும் மாறியது. பிறகு புதிய இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து மெல்ல நிலைகொண்டது. வீடு இடிபட்ட குடும்பம் சில காலம் அலைந்து எங்கோ ஒண்டிக்கொள்வதைப் போலத்தான். 2019இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது, தோட்டம் கைமாறி லயன் வீடுகள் இடிபட்ட நாட்களில் நாங்கள் எங்கெங்கே தங்கினோம் என்று என்னையறியாமல் எண்ணிப் பார்த்தேன்.

கிம்பர்லி ஃபோர்னேஸும் அவருடைய குழுவினரும் சபாவின் கூடாட், கோத்தா மருடு மாவட்டங்களில் 405 கிராமங்களின் நோய்க் கணக்கை எடுத்து, அவற்றைச் சுற்றியுள்ள காட்டின் படங்களோடு ஒப்பிட்டார்கள். கிராமத்தைச் சுற்றிக் காடு நிறைய இருப்பதும் அந்தக் காடு சமீப ஆண்டுகளில் வெட்டப்பட்டிருப்பதும் நோய் கூடுவதோடு சேர்ந்தே இருந்தன. பின்னர் மனிதர்களுக்கே ஜி.பி.எஸ். கொடுத்து அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தார்கள். நோய்க்கொசு கடிக்கும் வாய்ப்பு குடியிருப்புக்கு அருகில் இருக்கும் காட்டோரத்தில் அதிகம் என்று கண்டார்கள். தென்கிழக்கு ஆசியா முழுவதிலும் 6,322 குரங்குகளிலிருந்து திரட்டிய தரவை 2023இல் வேறொரு குழு அலசியது. மொத்தத்தில் சுமார் 12 விழுக்காட்டில் நோலெசி. மரப்போர்வை அழிந்த இடங்களில் அது கூடுதல்.

ஆக, நடுக்காட்டில் இல்லை, நடுத்தோட்டத்திலும் இல்லை. காடும் தோட்டமும் உரசும் அந்த ஓரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. பெரோக் எலி பிடிப்பது அங்கே. நோலெசியைச் சுமக்கும் கொசு பறப்பது அங்கே. அந்தக் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள் நள்ளிரவில் கடிப்பதில்லை. வெளியில், பொழுது சாயும் நேரத்திலேயே கடிக்கத் தொடங்கிவிடுகிறது. கொசுவலைக்குள் படுத்திருப்பவனை அது தேடிப் போகவில்லை. உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை கட்டி, வண்டிக்காகக் காத்து நிற்பவனைத் தேடி வருகிறது. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. பெரும் சாதனை அது. அதே ஆண்டுகளில் குரங்கு மலேரியாவோ ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்யும் ஆண்கள்.

நம் ஆட்களுக்கு இது பழைய கதையும்கூட. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் குளிர்காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மடிவதைப் பார்த்தார். தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தபோது மலேரியா இறங்கியது. அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது ஏறியது. காரணம், தாழ்நிலக் கொசு நிழலில் முட்டையிடுவது; மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது. எந்த நிலத்தில், எந்தக் கொசுவுக்கு, எந்த மரத்தை வெட்டுகிறோம் என்று பார்க்காமல் ஒரே உத்தரவை எல்லா இடத்துக்கும் போட முடியாது என்பதை அப்போதே எங்கள் கொள்ளுத்தாத்தா தலைமுறை உயிரைக் கொடுத்துக் காட்டிவிட்டது.

*

விவசாயக் கொள்கை என்றால் ஏதோ தலைநகரில் எழுதும் தாள் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் நாட்டு வரைபடத்தைக் காட்ட வேண்டும். 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாகச் செம்பனை வணிக நோக்கில் நடப்பட்டது. 1956இல் நிலமில்லாதவர்களைக் குடியேற்றப் பெல்டா என்ற அரசு அமைப்பு தொடங்கியது. செயற்கை ரப்பர் பால்மரத்தின் விலையை இறக்கியபோது, 1960களில் அரசே செம்பனைக்கு மாறச் சொன்னது. அதே காலத்தில் வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஆளுக்குப் பத்து வெள்ளி திரட்டித் தோட்டம் வாங்கக் கூட்டுறவு தொடங்கியது அப்போதுதான். இன்று நாட்டில் ஏறக்குறைய 5.6 மில்லியன் ஹெக்டேர் செம்பனை. 2019இல் அரசு 6.5 மில்லியனை உச்சவரம்பாக அறிவித்தது. 2020 முதல் நிலைத்தன்மைச் சான்றிதழ் எல்லாத் தோட்டங்களுக்கும் கட்டாயம்.

இவற்றை நான் குறை சொல்லவில்லை. உச்சவரம்பு வேண்டும், சான்றிதழும் வேண்டும். ஆனால் பரப்பை மட்டும் எண்ணுகிறோம், ஓரத்தை எண்ணுவதில்லை. நூறு ஹெக்டேர் காட்டை ஒரே துண்டாக விட்டால் ஓரம் குறைவு. அதே நூறைப் பத்துத் துண்டாகச் சிதறடித்தால் பரப்பு மாறாது, ஓரம் பல மடங்காகும். பெரோக்கும் கொசுவும் தொழிலாளியும் சந்திக்கும் இடமும் அத்தனை மடங்காகும். இதைக் கணக்கிடும் பொறுப்பு யாருடையது? செம்பனை ஓர் அமைச்சில் இருக்கிறது, குரங்கு வனவிலங்குத் துறையில், காய்ச்சல் சுகாதார அமைச்சில். பெரோக் ஒருநாளில் மூன்று பேரின் எல்லையையும் கடந்துவிடுகிறது. அதற்கு இந்தப் பிரிவு தெரியாது.

செகாரி ஆய்வாளர்கள் பெரோக்கைக் காக்க வேண்டும், காட்டுத் துண்டுகளை இணைக்கும் காட்டுவழிகள் தோட்டங்களுக்கு இடையில் வேண்டும் என்கிறார்கள். நான் அதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அதே மூச்சில் தம்பியையும் நினைக்கிறேன். மெல்லிய காட்டுவழி என்றால் இரண்டு பக்கமும் ஓரம் மட்டும்தான். விட்டால் அகலமாக விட வேண்டும். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். எல்லையைத் திருத்தக் கிடைக்கும் வாய்ப்பு அந்த ஒருமுறைதான். காட்டை ஒட்டிய சில நிரைகளை மறுநடவில் விட்டுக்கொடுத்து, வளைந்து நெளிந்த ஓரத்தை நேராக்கலாம். ஓர நிரைகளில் விஷக் கட்டியை நிறுத்தி எலியைப் பெரோக்கிடம் விடலாம். அந்த நிரைகளில் வேலையைக் காலையில் முடித்து, பொழுது சாயும் முன் ஆட்களை வெளியே கொண்டுவரலாம். மாவட்ட மருத்துவமனைகளில் மரபணுப் பரிசோதனை விரைவாகக் கிடைக்கச் செய்யலாம். அனுமதிச் சீட்டு இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சாமல் காய்ச்சலோடு உள்ளே வர வேண்டும். இல்லையென்றால் 24 மணி நேரத்தில் பெருகும் ஒட்டுண்ணிக்கு முன்னால் மற்ற எதற்கும் பொருளில்லை. இது ஒரு பள்ளி ஆசிரியரின் கருத்துதான். ஆனால் அந்த ஓரத்தில் வளர்ந்தவரின் கருத்து.

குரங்குகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டால் நோயும் தீரும் என்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். கெரா, பெரோக் இரண்டுமே 2022 முதல் அழியும் அபாயத்தில் உள்ள விலங்குகளின் உலகப் பட்டியலில் இருக்கின்றன. தெருவில் நிறையப் பார்க்கிறோமே என்று கேட்பார்கள். தெருவில் நிறையப் பார்க்கிறோம் என்றால் அவற்றுக்குக் காடு இல்லை என்று பொருள்.

பெரோக்குகள் தோட்டத்தில் நன்றாகத் தின்று கொழுத்து வாழ்கின்றன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செகாரிக் குழுவின் அடுத்த ஆய்வுகள் அந்த நினைப்பைக் கலைத்தன. தோட்டத்துக்குள் இருக்கும்போது பெரோக்குகள் ஒன்றையொன்று அணைத்துப் பேன் பார்ப்பது குறைகிறது, சண்டை கூடுகிறது. தாய்கள் குட்டியைக் கூடுதலாகத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. 2024இல் இன்னொன்று வந்தது. 2014 முதல் 2023 வரை அங்கே பிறந்த குட்டிகளில் 57 விழுக்காடு ஒரு வயதை எட்டவில்லை. தோட்டத்துக்கு அடிக்கடி போன குட்டிகளுக்குச் சாகும் அபாயம் மூன்று மடங்கு. வேட்டை விலங்குகளும் மனிதர்களும் காரணமாக இருக்கலாம், பூச்சிமருந்து முதலிய இரசாயனங்களும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

போன மாதம் அப்பாவைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். 3,000 எலி என்றதும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்படியென்றால் ஒரு நாளைக்கு எட்டு எலி. நாற்பத்து நான்கு குரங்குக்கு எட்டு எலியா? கால்வாசிக் குரங்குக்குக்கூட வராதே" என்றார். அவற்றுக்குப் பழமும் பூச்சியும் இலையும்தான் முதன்மை உணவு, எலி கிடைத்தால் விடாது என்றேன். தலையசைத்தார். அந்த ஆண் பெரோக்கை, மட்டையடியில் தோள்வரை கையை விட்டு நின்றதை, அவரும் மறக்கவில்லை. "எலிதானா அது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

குட்டிகளின் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தயங்கினேன். சொன்னேன். நூற்றுக்கு ஐம்பத்தேழு.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தாய்க் குரங்கு மறுபடியும் அதே தோட்டத்துக்குத்தான் வருகிறதா?" என்று கேட்டார்.

"வருகிறது, அப்பா."

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. "கொசு வந்துவிடும், உள்ளே வா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் சன்னலைச் சாத்தினார்.